பின்பக்கத்துக் கதை

கல்யாணத்துக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை கதை படிக்கிறவராக இருக்க வேண்டும். நகை, வீடு, நிறம், உயரம் எதைப் பற்றியும் நான் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு முதலில் பெரிய நிம்மதி. இவ்வளவுதானே, படித்த பிள்ளைக்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டாள். பட்டம் வாங்கியவன் வேறு, புத்தகம் வாங்குகிறவன் வேறு என்பது மூன்று மாப்பிள்ளைகள் எங்கள் வீட்டு மிக்சரைச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

முதலாமவர் பள்ளிக்கூட வாத்தியார். என்ன படிப்பீர்கள் என்று கேட்டேன். பேப்பர் படிப்பேன் என்றார். பேப்பரில் எதை என்று கேட்டேன். தங்கம் விலை என்றார். இரண்டாமவர் அமெரிக்காவில் கம்ப்யூட்டர். கதையெல்லாம் பொய்தானே, பொய் என்று தெரிந்தே எதற்குப் படிக்கிறீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருக்கிற தலைமுடியைப் பார்த்துத்தான் நாங்களும் உங்களை வரச் சொன்னோம் என்று நான் சொன்னதும், அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள். மூன்றாமவர் நிறைய படிப்பேன் என்றார். என் காது விறைத்துக்கொண்டது. கடைசியாக என்ன படித்தீர்கள் என்றேன். காப்பியில் ஆடை படியும் வரை யோசித்து, பத்தாம் வகுப்புத் துணைப்பாடப் புத்தகத்தின் பெயரைச் சொன்னார். பாவம், நல்ல மனுஷன்.

அதோடு அம்மாவின் பொறுமை தீர்ந்தது. கிறிஸ்துமஸ் லீவில் குவைத்திலிருந்து ஒரு எஞ்சினியர் வருகிறார், நம் லுத்தரன் சபைதான், தரங்கம்பாடிப் பக்கத்துக் குடும்பம், லீவு முடிவதற்குள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள் என்றாள். அவரும் படிக்காதவராக இருந்தால் அதற்கு மேல் என்னைக் கேட்கப் போவதில்லை, தானே சரி சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா போடுவதுதான் சட்டம். ஆக, கிறிஸ்துமஸ் வருவதற்குள் தஞ்சாவூரில் கதை படிக்கிற ஒரு ஆண்பிள்ளையை நானே தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் குவைத்.

குவைத்தின் மேல் எனக்கு என்ன கோபம் என்றால், நான் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. டெலிபோன் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் போய், தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு தொங்க ஆரம்பித்திருந்த சமயம் அது. வேலையில்லாப் பட்டதாரி என்ற தகுதியில் எனக்கும் ஒரு பூத் கிடைத்தது. மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒற்றை அறைக் கடை. வாசலில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஜெராக்ஸ் என்று போர்டு. உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்கு வெளியே நானும் என் நாவலும். பாதி ஜில்லாவின் புருஷன்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். மனைவிமார் அந்தக் கூண்டுக்குள் வந்து நின்று, சாப்பிட்டீங்களா, வெயில் அதிகமா, பம்புசெட்டு மறுபடியும் ரிப்பேர், சின்னவனுக்குச் சளி என்று பேசுவார்கள். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைசியில் குரலைத் தாழ்த்தி, எப்ப வருவீங்க என்பார்கள். கதைகளில் வரும் காதல் வசனம் ஒன்றைக்கூட அந்தக் கூண்டில் நான் கேட்டதில்லை. நானும் ஒரு நாள் கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்று பம்புசெட்டைப் பற்றிப் பேசத்தான் போகிறேனா என்று நினைத்தால் கையிலிருக்கிற நாவலில் ஒரு வரி நகராது. பேசுவதற்கு ஒரு கதையாவது வேண்டாமா எங்களுக்குள்?

சரி, கதைக்கு வருகிறேன். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பது அப்போது பல வீடுகளில் பழக்கம். எங்கள் கோயில் பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவரிடமே என் தொடர்கதைகளையும் கொடுப்பேன். பத்திரிகைகளை விலை கொடுத்து வாங்குவதில்லை. ஒருவர் சைக்கிளில் கொண்டுவருவார். ஒரு வீட்டில் ஒரு நாள் கொடுத்து, மறுநாள் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடுவார். புத்தகக்காரர் என்போம். அந்தச் சுற்றில் கடைசி வீடு எங்களுடையது. கடைசி வீட்டுக்குப் பத்திரிகை பழசாகி, யார் வீட்டுக் குழம்போ பட்டுத்தான் வரும். ஆனால் திருப்பித் தர வேண்டாம். கிழிக்கிற உரிமை கடைசி வீட்டுக்கு மட்டும்தான்.

அந்த உரிமையில் ஒருவர் கைவைத்தார். நான் படித்துவந்த தொடரில் கதாநாயகி அழுதுகொண்டிருக்கிறாள், கதவு தட்டப்படுகிறது, எழுந்து போய்த் திறக்கிறாள், வாசலில் என்று பக்கம் முடிகிறது. அடுத்த தாளைக் காணோம். பிளேடால் வெட்டிய விளிம்பு மட்டும் இருக்கிறது. அடுத்த வாரமும் அத்தியாயத்தின் கடைசித் தாள் இல்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பூத்துக்கு வந்த இரண்டு பேருக்கு டிரங்க் கால் பேசுகிற மாதிரி கத்திப் பதில் சொல்லி அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து யோசித்ததில் விஷயம் புரிந்தது. என் கதையின் அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்பக்கத்தில்தான் ராஜா ராணி குதிரைக் கதை ஒன்று ஆரம்பிக்கும். நான் சீந்தாத கதை. யாரோ அந்தக் குதிரைக்காக என் கதாநாயகியைக் கொண்டுபோகிறார்கள்.

புத்தகக்காரரைப் பிடித்துக் கேட்டேன். எல்லாரும் நல்ல குடும்பம், யார் பெயரை நான் சொல்ல என்று நழுவினார். அந்த ஒரு வாரம் மட்டும் பத்திரிகையை முதலில் என்னிடம் கொடுக்கச் சொல்லி, அந்தத் தாளில் ஒரு சீட்டைக் குத்திவைத்தேன். இதன் பின்பக்கத்துக் கதைக்கும் ஆள் இருக்கிறது, பிளேடு வைத்திருப்பவர் தைரியமிருந்தால் மருத்துவக் கல்லூரிச் சாலை மஞ்சள் போர்டு பூத்துக்கு வரவும் என்று எழுதியிருந்தேன்.

சீட்டு சுற்றிக்கொண்டிருந்த அந்த நாட்களில் என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்டிய விளிம்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோணல் இல்லை, பிசிறு இல்லை. காகிதத்தின் மேல் இவ்வளவு மரியாதை உள்ளவர் நிச்சயம் நல்ல வாசகர். பொறுமைசாலி. கட்டாயம் ஆண். வயது முப்பதுக்குள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருவார். நானாகவே அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டேன். திருடனைத் திட்டத் தயாராக வேண்டியவள், அவர் வருகிற அன்று எந்தச் சேலை கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம் டி.வி.எஸ். ஃபிப்டியில் ஒருவர் வந்து இறங்கினார். கண்ணாடி இல்லை. தலைமுடியில் நெல் தூசி ஒட்டியிருந்தது. சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தாளை, நனையாமல் எடுத்து என் மேஜையில் வைத்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவர். கடைசி வீட்டில் பழைய பேப்பருக்குத்தான் போடுவார்கள் என்று நினைத்ததாகவும், தப்புதான் என்றும், இனிமேல் வெட்ட மாட்டேன் என்றும் சொன்னார். சண்டைக்குத் தயாராக இருந்த எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. ராஜா கதை என்றால் அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன்.

"எனக்கா? நான் கதையெல்லாம் படிக்கிறதில்லீங்க. அக்காவுக்கு."

போச்சு. மூக்குக்கண்ணாடி, ஜன்னல், நாற்காலி எல்லாம் மழையோடு போயிற்று.

அக்கா மஸ்கட்டில் நர்ஸ். அவர்கள் அப்பா ஒரு காலத்தில் ஊரில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அக்கா அனுப்பிய காசில்தான் எங்கள் பின் தெருவில் வீடு எழும்பியது. அந்த வீட்டிலேயே கதை படிக்கிற ஒரே ஆள் அக்கா. அவள்தான் அந்த வீட்டில் இல்லை. போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: இந்தக் கதையை மட்டும் விடாமல் அனுப்பு. அதனால் தம்பி வாரா வாரம் வெட்டி, கவரில் போட்டு, போஸ்ட் ஆபீஸ் போய் அனுப்பிக்கொண்டிருக்கிறார், ஒரு வரி படிக்காமல்.

மற்ற தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு தாளை மட்டும் தர மாட்டேன் என்றேன். உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒருவர் சரி என்றால் எனக்குச் சந்தேகம் வரும். தயங்கித் தயங்கி நின்றார். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு லீவு நாள், இந்த நம்பருக்குப் போன் பண்ணச் சொல்லட்டுமா, அந்த முதல் பக்கத்தை மட்டும் இங்கேயே வைத்துப் படித்துச் சொல்லிவிடுகிறேன், மீதி தபாலில் போகட்டும் என்றார். வருகிற போனுக்கு எனக்கென்ன நஷ்டம், சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அவர் கூண்டுக்குள் போய்ப் படிக்க ஆரம்பித்தார். ஐயோ. இளவரசி மயங்கி விழுகிறாள், இவர் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் பார்த்து ஈரப்பதம் அதிகம், திருப்பி எடுத்துட்டுப் போங்க என்று சொல்கிற அதே குரலில் படிக்கிறார். கமாவில் நிற்கவில்லை, முற்றுப்புள்ளியில் மூச்சு விடவில்லை. குதிரையும் ராஜாவும் ஒரே மூட்டைக்குள் போனார்கள். கண்ணாடியைத் தாண்டி மஸ்கட்டிலிருந்து சத்தம் கேட்டது.

"டேய், கதை படிக்கிறியா, மூட்டை எண்ணுறியா?"

என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து ரிசீவரைப் பிடுங்கி நானே படித்தேன். இளவரசியைச் சரியாக மயங்க வைத்தேன். குதிரைக்குக் கனைப்புக்கூடக் கொடுத்திருப்பேன். பக்கம் முடிந்ததும் அக்கா, யாரும்மா நீ, நல்லா இருப்ப, அடுத்த வாரமும் நீயே படிச்சிரு என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரா வாரம் தாள் வெட்டுப்படாமல் என் வீட்டுக்கு வந்தது, வெள்ளிக்கிழமை நான் அதைப் பூத்துக்குக் கொண்டுபோனேன். கூண்டு ஒரு ஆள் நிற்கத்தான் காணும். அதனால் அவர் கதவு மூடாமல் கால் கட்டைவிரலை வைத்து நிறுத்திக்கொண்டு வாசலில் நின்று கேட்பார். வாய் லேசாகத் திறந்திருக்கும். நான் ஏற்றி இறக்கிப் படிக்கிற இடங்களில் அவர் புருவமும் ஏறி இறங்கும். ஐப்பசி மழை முழுக்க அப்படியே போயிற்று. கொள்முதல் மும்முரமாக இருந்த நாட்களில்கூட வெள்ளிக்கிழமை தவறியதில்லை. ராஜா கதை என்றால் முகத்தைச் சுளிக்கிற நான், அந்தக் குதிரை எப்போது வரும் என்று வியாழக்கிழமையே எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காரணமில்லாமல் வந்தார். போன் பண்ணவும் இல்லை. மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டே, கதவைத் திறந்தாளே அந்தப் பெண், வாசலில் யார் நின்றது என்று கேட்டார். தாளை வெட்டும்போது எதிர்ப்பக்கத்தின் கடைசி வரியில் கண் போயிருக்கிறது. நான் என் கதையை முதலிலிருந்து சொன்னேன். கடைக்கு வந்த ஆட்களைக் கவனித்துக்கொண்டே சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, அவளுக்கு அவனைப் பிடித்திருந்ததே, பின்னே ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார். அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது எனக்கு நானே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டேன்: ஜாக்கிரதை, இவர் கதை படிக்காதவர், அதுவும் ஆர்.சி.க்காரர். கத்தோலிக்க மாப்பிள்ளை என்றால் எங்கள் அம்மா மாதாகோயில் இருக்கிற தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போவாள்.

டிசம்பரில் குவைத்துக்காரர் வந்தார். வரும்போதே கையில் புத்தகம். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதிக் காட்ட முடியாது. சோதித்துப் பார்த்தேன். நான் படித்ததையெல்லாம் படித்திருந்தார். நான் கேள்விப்பட்டு, கிடைக்காமல் ஏங்கியதையும் படித்திருந்தார். எனக்கு உயிரான ஒரு நாவலைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். நான் சொல்ல வந்ததை அவரே சொல்லி முடித்தார், என்னைவிட நன்றாக. வேறு ஒன்றை ஆரம்பித்தேன். அதையும் முடித்தார். அங்கே கூரை வரை புத்தக அலமாரி வைத்திருக்கிறேன், நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்றார். நல்ல மனிதர். இன்றுவரை அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் தொல்லையே. ஒரு குறை இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் பேசிக்கொண்டே இருக்க, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்திலாவது அப்புறம் என்று என்னைக் கேட்பார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா என் தட்டைப் பார்த்தாள். கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது, இனி என்ன சாக்கு சொல்லப் போகிறாய் என்றாள். என்ன சொல்வேன்? நான் போட்ட நிபந்தனை, நானே மாட்டிக்கொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, சேலைக் கடைக்குக் கூட்டிப்போக அம்மா பூத்துக்கே வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் மாதர் சங்கக் கூட்டம் என்று இந்தப் பக்கமே வராதவள். நான் கூண்டுக்குள் ராஜா கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலக் கட்டைவிரலால் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கம் முடியும் வரை அவளும் கேட்டிருக்கிறாள். அவளைப் பார்த்ததும் ரிசீவரைக் கொக்கியில் மாட்டக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தேன். இவர் யார் என்று அம்மா கேட்டாள். அவரே சொன்னார். பிளேடு, சீட்டு, அக்கா, முதல் பக்கம், ஒன்றையும் மறைக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட நான் அவ்வளவு உண்மையைக் கேட்டதில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால், உறை போட்டு மூடி, மேலே நான் நாவல்களை அடுக்கி வைத்திருந்த மெஷினைப் பார்த்தாள்.

"ஏன்டி, இந்த ஒத்தைப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருந்தா மொத வாரத்தோட முடிஞ்சிருக்குமே?"

துப்பறியும் கதைகளில் பாதியிலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுகிறவள் நான். தஞ்சாவூர்க்காரர்களின் ரேஷன் கார்டு, மார்க் ஷீட், பாஸ்போர்ட் எல்லாம் என் கையால் நகலாகி விமானம் ஏறியிருக்கின்றன. ஐப்பசி போய் மார்கழியும் வந்துவிட்டது, இந்த ஒரு தாளை அந்த மெஷினில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. சரி, நான்தான் அசடு, இவருமா அசடு என்று திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு மொத நாளே தெரியுங்க. வாசல் போர்டுலயே எழுதியிருக்கே. கேட்டா ஒடனே எடுத்துக் குடுத்துருவீங்கன்னுதான் கேக்கல."

கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்து அக்காவின் குரல் மட்டும், டேய் சொல்லிட்டியா, சொல்லிட்டியாடா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். நீங்கள் ஆர்.சி.யா என்று கேட்டாள். ஆமாங்க என்றார். அம்மா பெருமூச்சு விட்டாள். சேலைக்கு என்று கொண்டுவந்திருந்த பையை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு, மூன்று மாப்பிள்ளைகளிடம் நான் கேட்ட கேள்வியை அவளே கேட்டாள்.

"தம்பி, நீங்க கதை படிப்பீங்களா?"

"படிக்க மாட்டேங்க. இவங்க படிச்சா கேப்பேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ கதாநாயகிகள் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டதைப் படித்திருக்கிறேன். நான் குனியவில்லை.

"எனக்கு அது போதும்மா" என்றேன்.